நீண்ட சொல்லும் குறுகிய மூச்சும்

சென்ற ஆண்டு ஒரு கிராமத்துப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவிலே எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மேடையேறினான். ஆங்கில மொழியிலேயே மிக நீளமான சொல்லைத் தான் கூறப்போவதாக அறிவித்தான். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ‘நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோப்பிக்சிலிக்கோவொல்கேனோகோனியோசிஸ்’ என்று ஒரே ஓட்டத்திற் சொல்லி முடித்தான். மண்டபம் அதிர்ந்தது. பிரதம விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். அந்தச் சிறுவனுக்கு ஒரு சிறப்புப் பரிசும் கிடைத்தது.

விழா முடிந்து வெளியே வரும்போது அவனுடைய தந்தை எம்மை வாயிலில் மறித்தார். மேசன் வேலை செய்பவர். “சேர், பெடியன் சொன்னது என்ன வருத்தம்?” என்று கேட்டார். மண்டபத்தில் இருந்த நூற்றுக்கணக்கானோருள் பொருளைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவரே. “ஏதோ சுவாசப்பை வருத்தம்” என்று சொல்லி நாம் நழுவிவிட்டோம். பல்கலைக்கழகத்தில் மொழியும் இலக்கியமும் கற்று, பத்தாண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நிற்கும் எமக்கு அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை தெரிந்திருக்கவில்லை. அந்த வெட்கத்திற் பிறந்ததே இக்கட்டுரை.

நீண்ட ஆங்கிலச் சொற்கள் மீது நம்மவரிடையே நிலவும் பக்தி சாதாரணமானதன்று. வினாடி வினாப் போட்டிகளிலும், பொது அறிவுப் புத்தகங்களிலும், தனியார் கல்வி நிலையங்களின் சுவர்களிலும் இச்சொற்கள் கொலுவீற்றிருக்கின்றன. எத்தனை எழுத்து என்பது எல்லாருக்கும் தெரியும். யார் சொன்னார், எப்போது சொன்னார், யாரைப் பற்றிச் சொன்னார் என்பது எவருக்கும் தெரியாது. சொல்லை அதன் வரலாற்றிலிருந்து அறுத்தெடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூசை செய்கிறோம். பூட்டை உடைத்து உள்ளே இருப்பதைப் பார்ப்போமாக.

மேற்சொன்ன சொல்லுக்கு 45 எழுத்துக்கள். மிக நுண்ணிய எரிமலைச் சிலிக்காத் தூசியைச் சுவாசிப்பதனால் நுரையீரலில் உண்டாகும் நோய் என்று அகராதிகள் பொருள் கூறும். ஆனால் எந்த மருத்துவரும் எந்த நோயாளிக்காகவும் ஆக்கிய சொல்லன்று அது. 1935ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், அமெரிக்காவின் தேசியப் புதிர் விளையாட்டுக்காரர் சங்கம் நியூயோர்க்கிற் கூடியபோது, அதன் தலைவராயிருந்த எவரெற் சிமித் என்பவர், இருக்கின்ற சொற்களை எல்லாம் நீளத்தில் வெல்லவேண்டும் என்பதற்காகவே கட்டிய சொல் அது. கிரேக்கத்தில் ஒரு துண்டு, இலத்தீனில் ஒரு துண்டு, இடையில் உரோமரின் நெருப்புத் தெய்வத்தின் பெயர் என ஒட்டுப்போட்டுச் செய்த விளையாட்டுப் பொம்மை. பத்திரிகை ஒன்று அதை வெளியிட்டது. பின்னர் அகராதிகளும் இடங்கொடுத்தன.

விளையாட்டிலே குற்றமென்ன என்று கேட்கலாம். குற்றமில்லை. ஆனால் அந்த விளையாட்டு நடந்துகொண்டிருந்தபோது, அதே நாட்டில், நியூயோர்க்கிலிருந்து சில நூறு கிலோமீற்றர் தொலைவில் நடந்தது என்ன?

மேற்கு வேர்ஜீனியாவில் கோலி பிறிட்ஜ் என்றொரு சிற்றூர். அதன் அருகே ஹோக்ஸ் நெஸ்ற் என்னும் மலையைக் குடைந்து, ஆற்று நீரைத் திருப்பி, மின்சாரம் எடுப்பதற்காக ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் நீளமான சுரங்கம் ஒன்றை 1930இல் வெட்டத் தொடங்கினர். யூனியன் கார்பைட் என்ற பெருங் கம்பனியின் துணை நிறுவனத்துக்காக நடந்த வேலை அது. பொருளாதார நெருக்கடியால் நாடெங்கும் வேலையின்மை தலைவிரித்தாடிய காலம். தென் மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்களே சுரங்கத்தினுள் இறங்கியோரிற் பெரும்பாலோர். மலையின் பாறையோ சிலிக்கா செறிந்தது. வெட்டியெடுத்த அந்தப் பாறையும் உலோகத் தொழிலுக்குப் பயன்பட்டதால் கம்பனிக்கு அதிலும் இலாபம் இருந்தது.

பாறையைத் துளைக்கும்போது நீரைப் பாய்ச்சினால் தூசி அடங்கும். இஃது அக்காலத்திலேயே பொறியியலாளர் அறிந்த செய்தி. ஆனால் நீர் பாய்ச்சினால் வேலை தாமதமாகும். ஆகவே உலர்ந்த பாறையையே துளைத்தார்கள். சுரங்கத்துள் வெண்தூசி மூடுபனிபோற் படர்ந்ததென்றும், மேற்பார்வைக்கு வந்தோர் முகமூடி அணிந்தனர், தொழிலாளருக்கு அது வழங்கப்படவில்லை என்றும் பின்னர் அமெரிக்கக் காங்கிரசின் விசாரணையிற் சாட்சியங்கள் கூறப்பட்டன. சில மாதங்களிலேயே இளைஞர்கள் மூச்சிழுக்க மாட்டாமல் விழுந்தனர். அவ்விசாரணை 1936இல் நடைபெற்றபோது கூறப்பட்ட மரணக் கணக்கு 476. மார்ட்டின் செர்னியாக் என்னும் மருத்துவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு நூல் குறைந்தது 764 பேர் என மதிப்பிட்டது. சரியான தொகை எவருக்கும் தெரியாது. ஏனெனில் நோயுற்ற பலர் ஊரை விட்டுப் போய்விட்டனர், இறந்த கறுப்பினத் தொழிலாளர் பலர் ஒரு சோள வயலிலே புதைக்கப்பட்டனர்.

சொல்லைப் பற்றிய கட்டுரையில் இந்தக் கதை எதற்கென்று நண்பர்கள் கேட்கக்கூடும். கதையின் நடுவிலே ஒரு சொல் இருக்கிறது. நோயுற்று வந்த தொழிலாளருக்குக் கம்பனியின் வைத்தியர்கள் சிலிக்கோசிஸ் என்ற உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. நிமோனியா என்றனர். ‘ரனலைற்றிஸ்’ என்று ஒரு புதுப் பெயரையும் வழங்கினர். சுரங்கம் என்னும் பொருள் தரும் சொல்லோடு, வீக்க நோய்களைக் குறிக்கும் கிரேக்க ஈற்றை ஒட்டிச் செய்த பெயர் அது. கேட்பதற்கு மருத்துவம்போல இருக்கும், உள்ளே ஒன்றுமில்லை. சிலிக்கோசிஸ் என்று எழுதினால் தூசி என்ற காரணம் வெளிப்படும். காரணம் வெளிப்பட்டால் குற்றவாளியும் வெளிப்படுவான். புதுப் பெயரை எழுதிவிட்டால் வருத்தம் சுரங்கத்தின் குற்றமாகுமே தவிர முதலாளியின் குற்றமாகாது.

ஆக, ஒரே நாட்டில், ஒரே பத்தாண்டில், ஒரே நோயைச் சுற்றி மூன்று பெயர்கள் உலவின. ஒன்று, பொழுதுபோக்குக்காகக் கட்டிய 45 எழுத்துப் பெயர். மற்றொன்று, கொலையை மறைப்பதற்காகக் கட்டிய போலிப் பெயர். மூன்றாவது உண்மைப் பெயர். முதலாவது உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டுக் கிராமத்து மேடை வரை வந்து பரிசும் பெற்றது. கோலி பிறிட்ஜில் மாண்டவர்களை அறிந்தவர் எத்தனை பேர்? மியூரியல் றூக்கைசர் என்னும் பெண் கவிஞர் நேரில் அங்கு சென்று, கண்டதையும் கேட்டதையும் 1938இல் ‘இறந்தோர் நூல்’ என்ற கவிதைத் தொடராக வெளியிட்டார். முற்போக்கு இலக்கியம் பேசும் நம்மிடையே அவர் பெயர்தானும் வழங்குவதில்லை. எழுத்தெண்ணிப் படிக்கும் கல்வி இதைத்தான் நமக்குத் தந்திருக்கிறது.

இந்தச் சொல் மட்டும் விதிவிலக்கா? மாணவர் மனனஞ் செய்யும் இன்னொரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘அன்டிடிஸெஸ்டாப்ளிஷ்மென்டேரியனிஸம்’ என்பது 28 எழுத்துச் சொல். அரசுக்கும் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கும் இருந்த பிணைப்பை அறுப்பதை எதிர்க்கும் கொள்கை என்பது பொருள். பொருளைச் சொன்னதும் மாணவர் கொட்டாவி விடுவர். ஏனெனில் அந்தப் பிணைப்பு யாருடைய கழுத்தை இறுக்கியது என்று நாம் சொல்வதில்லை. அயர்லாந்தின் மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அந்நாட்டின் அரச திருச்சபையோ ஆங்கிலிக்கன் திருச்சபை. தான் ஒருநாளும் கால் வைக்காத தேவாலயத்துக்குக் கத்தோலிக்கக் குடியானவன் தசமபாகம் செலுத்தவேண்டியிருந்தது. 1834ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், கோர்க் பகுதியிலுள்ள ரத்கோர்மக் என்னுமிடத்தில், விதவை ஒருத்தி கொடுக்கவேண்டியிருந்த 40 சிலிங் பாக்கியை அறவிடப் படையினர் சென்றனர். தடுத்து நின்ற ஊரவர் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அயர்லாந்தில் அந்தப் பிணைப்பை அறுக்கும் சட்டம் 1869இல்தான் நிறைவேறியது. 1871இல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்தவர்களின் கொள்கைக்கே இந்த 28 எழுத்துப் பட்டம்.

இலங்கைக்கும் இக்கதையில் இடமுண்டு. பௌத்தரும் சைவரும் இஸ்லாமியரும் செலுத்திய வரிப்பணத்திலிருந்தே கொழும்பின் ஆங்கிலிக்கன் பேராயருக்கும் குருமாருக்கும் வேதனம் வழங்கப்பட்டு வந்தது. நீண்ட கிளர்ச்சியின் பின்னர் 1880களில்தான் அஃது ஒழிந்தது. எங்கள் பாட்டன்மாரின் பையிலே கைவைத்த கொள்கையின் பெயரை, எழுத்தெண்ணி வியந்து, எங்கள் பிள்ளைகளைக் கொண்டு ஒப்புவிக்கச் செய்கிறோம். இதைவிடப் பெரிய கேலி வேறென்ன வேண்டும்?

‘பிளொக்சிநோசிநிஹிலிபிலிபிகேஷன்’ என்பது 29 எழுத்துச் சொல். ஒன்றைப் பெறுமதியற்றதெனக் கருதுதல் என்பது அதன் பொருள். ‘அற்பம்’ என்ற கருத்துடைய நான்கு இலத்தீன் சொற்களை அடுக்கிச் செய்தது. இங்கிலாந்தின் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படித்த ஈட்டன் கல்லூரியின் இலத்தீன் இலக்கண நூலில் அந்நான்கு சொற்களும் ஒன்றாக வரும். வில்லியம் ஷென்ஸ்டன் என்னும் கவிஞர் 1741இல் எழுதிய கடிதமொன்றில் இச்சொல் முதன்முதற் காணப்படுகிறது. ஈட்டனிற் படித்த பழைமைவாதக் கட்சி உறுப்பினர் ஒருவர் 2012இலும் இதைப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் உச்சரித்துப் புகழ் பெற்றார். ‘நான் எங்கே படித்தேன் தெரியுமா?’ என்பதே இத்தகைய சொற்களின் உட்பொருள். மற்றப் பொருளெல்லாம் அதற்குப் பின்புதான்.

ஆங்கில மொழியில் நீண்ட சொற்கள் ஏன் மேட்டுக்குடிச் சொற்களாயின? 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அதிகாரம் பிரெஞ்சிலும் இலத்தீனிலும் பேசியது. ஆண்டானுக்கு ஒரு மொழி, அடிமைக்கு ஒரு மொழி என்றாயிற்று. வழக்காடு மன்றங்களில் ஆங்கிலம் பேசலாம் என்று 1362இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டது! நீதிமன்றப் பதிவுகளிலிருந்து இலத்தீன் நீங்கியது 1733இல். இதனாலே வயலும் வீடும் பசியும் சாவும் குறுஞ்சொற்களாகக் குடியானவனிடம் தங்கின. சட்டமும் சமயமும் மருத்துவமும் நீண்ட சொற்களாகக் கற்றவனிடம் சேர்ந்தன. தமிழிலும் நீண்ட சொற்கள் உண்டு. ஆயினும், ‘பார்க்கமுடியாதவர்களுக்காகவும்’ என்று எவ்வளவு நீட்டினாலும் ஒவ்வோர் உறுப்பும் எழுத்தறியாத கிழவிக்கும் விளங்கும். ஆங்கில நெடுஞ்சொல்லின் உறுப்புகளோ அம்மொழியைப் பிறப்பிலிருந்து பேசும் தொழிலாளிக்கே விளங்குவதில்லை. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதியை ரொபேட் கோட்றி 1604இல் வெளியிட்டபோது, அதில் இருந்தவை ஏறத்தாழ 2500 கடுஞ்சொற்களே. பெண்களுக்கும் கல்லாதோருக்கும் உதவுவதற்காக எழுதியதாக அவர் அதன் முகப்பிலேயே அறிவித்தார். தன் தாய்மொழியைத் தானே விளங்கிக்கொள்ள மக்களுக்கு அகராதி வேண்டியிருந்தது.

இதை எதிர்த்த ஆங்கிலேயரும் இருந்தனர். தோமஸ் வில்சன் 1553இல் வெளியிட்ட சொற்கலை நூலில், மைக்கூட்டுச் சொற்கள் எனப்பட்ட இத்தகைய இறக்குமதிகளை எள்ளி நகையாடினார். வில்லியம் பான்ஸ் என்னும் பள்ளியாசிரியர், டோர்செற் உழவர்களின் பேச்சிற் கவிதை எழுதியவர், இலக்கணத்துக்குக்கூடப் ‘பேச்சுத்தொழில்’ என்று பொருள்படும் நாட்டுச் சொல்லை ஆக்கி 1878இல் ஒரு நூலே எழுதினார். சேக்ஸ்பியரோ இதை மேடையிலேயே தீர்த்துவைத்தார். 1598இல் அச்சான அவரது இன்பியல் நாடகமொன்றில் ‘ஹொனோரிபிகாபிலிடூடினிடாடிபஸ்’ என்ற 27 எழுத்துச் சொல் வருகிறது. பெருமைகளை அடையத்தக்க நிலை என்பது அதன் கருத்து. அதைச் சொல்பவன் புலவனல்லன்; கொஸ்ராட் என்னும் நாட்டுப்புறத்துக் கோமாளி. இலத்தீன் பிதற்றும் பள்ளியாசிரியரையும் பாதிரியாரையும் பார்த்து நகைப்பதற்காகவே அவன் அதை எடுத்து வீசுகிறான். வீசப்பட்டவர் பள்ளியாசிரியர் என்பதை ஆசிரிய நண்பர்கள் கவனிக்க வேண்டுகிறோம்!

நகைப்புக்காக எழுதிய அச்சொல்லையும் மேட்டுக்குடியினர் விட்டுவைக்கவில்லை. சேக்ஸ்பியரின் நாடகங்களை உண்மையில் எழுதியவர் பிரான்சிஸ் பேக்கன் பிரபுவே என்று வாதிட்ட சேர் எட்வின் டேர்னிங் லோரன்ஸ் என்பவர், 1910இல், இதே சொல்லின் எழுத்துக்களை மாற்றியடுக்கி, பேக்கனின் பெயர் அதனுள் மறைந்திருப்பதாக நூல் எழுதினார். கையுறை செய்து விற்றவனின் மகனுக்கு இவ்வளவு அறிவு வருமா என்ற ஐயமே இத்தகைய வாதங்களின் அடித்தளம். அச்சொல்லையோ சேக்ஸ்பியருக்கு முன்பே, சில நூற்றாண்டுகள் முன்பே, டாந்தேயும் எடுத்தாண்டிருக்கிறார். பேக்கன் அங்கேயும் ஒளிந்திருந்தாரோ?

நெடுஞ்சொற்களையெல்லாம் எரித்துவிடுங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் திரிக்க வேண்டாம். தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தம் நோயைத் ‘தூசி’ என்ற ஒரே சொல்லாலே குறித்தனர். அனுபவிப்பவனுக்கு அது போதும். சட்டத்துக்குப் போதவில்லை. சிலிக்காத் தூசிக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் பிரித்தானியாவில் 1918இலேயே வந்துவிட்டபோதிலும், நிலக்கரித் தூசி தீங்கற்றது என்று கூறிச் சுரங்கத் தொழிலாளர் பலர் வெறுங்கையோடு திருப்பியனுப்பப்பட்டனர். மருத்துவர்கள் தென் வேல்சிற் சென்று ஆராய்ந்தபின், ‘நிமோகோனியோசிஸ்’ என்ற பரந்த பெயரின் கீழ் 1943இலேதான் அவர்களுக்கும் நட்டஈடு கிடைத்தது. கிரேக்கச் சொல்தான், நீளமானதுதான். ஆனால் அதைப் பெற்றுக்கொள்வதற்குத் தொழிற்சங்கம் போராடியது. நோயாளியின் கையிற் கிடைத்தபோது அச்சொல் ஆயுதமாயிற்று. ஆகவே நீளம் எம் பகையன்று. யார் கையில் இருக்கிறது, எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதே கேள்வி.

இந்த உரைகல்லில் நம்மையும் உரைத்துப் பார்க்கவேண்டும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று அழைத்ததை நாமறிவோம். வெட்டுண்டவர்கள் இட்ட பெயர் அது. ஆனால் வாள் ஆங்கிலத்தில் மட்டுமா இருக்கிறது? கூட்டத்துக்கு வந்த தோட்டத் தொழிலாளியின் முன்னே நின்று, ‘மேற்கட்டுமானத்தின் ஒப்பியல் ரீதியான சுயாதீனம்’ என்று ஒரு மணிநேரம் முழங்கும் நம் தோழர் என்ன செய்கிறார்? கொஸ்ராட் அங்கிருந்திருந்தால் அவரையும் விட்டிருக்கமாட்டான். வடமொழியை அடுக்கினாலும், எவருக்கும் விளங்காத பழந்தமிழை அடுக்கினாலும் வினை ஒன்றே. கேட்பவனைத் தன் அறியாமைக்கு வெட்கப்படச் செய்து, கேள்வி கேளாமல் வீட்டுக்கு அனுப்பும் வினை அது. மக்களுக்காக எழுதுகிறோம் என்போர் மக்களின் கேள்விக்கு அஞ்சலாமா?

எனவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்க்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். நெடுஞ்சொற்களைக் கற்பியுங்கள், ஆனால் பரிசுக்காக அன்று. பலகையில் எழுதி, துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுங்கள். ‘கோனிஸ்’ என்றால் கிரேக்கத்தில் தூசி என்று ஒரு பிள்ளை அறிந்துகொண்டால், நாளை மருத்துவச் சான்றிதழொன்று கையில் வரும்போது அவன் மிரளமாட்டான். சொல்லைக் கட்டியவன் யார், அதனாற் பயனடைந்தவன் யார், அதன் கீழே புதைந்தவன் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவமும், வேலை ஒப்பந்தமும், வழக்குப் பத்திரமும், மருந்துச் சீட்டும் நம் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. அவற்றிலுள்ள சொற்களை விளங்கிக்கொள்ளாத பிள்ளைக்கு 45 எழுத்தை மனனஞ் செய்வித்து என்ன பயன்?

அந்த மேசனை மறுபடியும் சந்தித்தோம். சொல்லின் கதையை விளக்கினோம். பிறகு நோயைப் பற்றியும் சொன்னோம். கருங்கல்லிலும் சீமெந்திலும் மாபிளிலும் ஓட்டிலும் சிலிக்கா உண்டென்றும், இயந்திரத்தால் உலரவைத்து வெட்டும்போது எழும் நுண்தூசி நெஞ்சுக்குள் தங்கிச் சுவாசப்பையைத் தழும்பாக்குமென்றும், வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை என்றும், நீர் விட்டு வெட்டினால், தகுந்த முகமூடி அணிந்தால், தடுக்கலாமென்றும் கூறினோம். சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கல்லை வெட்டிய இளந் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு ஆளானதால் அவுஸ்திரேலியா 2024 யூலையில் அக்கல்லையே தடைசெய்துவிட்டதையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், “அப்ப இது எங்கட வருத்தமெல்லோ, சேர்?” என்றார்.

மேடையில் அவருடைய மகன் ஒப்புவித்தது அவருடைய வருத்தத்தைத்தான். அது மகனுக்கும் தெரியவில்லை, தகப்பனுக்கும் தெரியவில்லை, கைதட்டிய எமக்கும் தெரியவில்லை. இனி ஒரு மேடையில் இன்னொரு பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நெடுஞ்சொல்லைச் சொல்லி முடிக்கும்போது, கைதட்டுவதற்கு முன்பு, “இதற்கு என்ன கருத்து, தம்பி?” என்று கேட்கும் துணிவு நம்மில் ஒருவருக்காவது வரட்டும்.